கலப்பையும் துப்பாக்கியும்
(அமெரிக்கப் புரட்சியில் ஜெர்மானியக் குடியானவர்கள்)

பிறந்த மண் ஒன்று. பிழைக்க வந்த மண் மற்றொன்று. இவ்விரண்டில் ஒருவனுக்குச் சொந்தமான மண் எது? வெளியூர் சென்று வாழும் மக்கள் அனைவரும் என்றேனும் ஒருநாள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் வினா இது. இதற்கு நூல்களில் விடை தேடுவதைவிட, இவ்வினாவை வாழ்ந்தே தீர்த்த ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை நோக்குதல் பயன் தரும் என்று எண்ணுகிறேன். ஜெர்மனியிலிருந்து கடல் கடந்து சென்று, வட அமெரிக்காவின் மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏர் பிடித்து, பின்னர் அந்நாட்டு விடுதலைப் புரட்சியில் துப்பாக்கி ஏந்திய எளிய குடியானவர்களின் வரலாறே அது. மன்னர்களும் தளபதிகளும் நிறைந்த நூல்களில் இவர்களுக்குக் கிடைக்கும் இடம் சிறிது. ஆயினும் இவர்கள் கற்பிக்கும் பாடம் சிறிதன்று.

ரைன் நதிக் கரையிலே

ஜெர்மனியின் தென்மேற்கில் ரைன் நதி பாயும் செழிப்பான நாட்டுக்குப் பாலட்டினேட் என்று பெயர். திராட்சைக் கொடியும் கோதுமையும் செழித்த அந்நாடு, அதன் செழிப்பினாலேயே படைகளுக்கு இரையாயிற்று. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அதனைச் சூறையாடியது. எஞ்சியவர்கள் மீண்டும் வீடு கட்டி, மீண்டும் கொடி நட்டுத் தலை நிமிர்ந்த காலத்தில், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் வந்தன. 1689-ஆம் ஆண்டில் ஹைடல்பர்க், மான்ஹைம், ஸ்பையர், வோர்ம்ஸ் முதலிய நகரங்கள் தீக்கிரையாயின. அடுத்த நூற்றாண்டு பிறந்தும் போர் ஓயவில்லை.

மனிதர் செய்த கொடுமை போதாதென்று இயற்கையும் சேர்ந்துகொண்டது. 1708-09 குளிர்காலம் ஐரோப்பா கண்டறியாத கடுமையுடையது. ஆறுகள் உறைந்தன, திராட்சைக் கொடிகளும் பழ மரங்களும் வேரோடு பட்டுப்போயின. கொடி மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். வரியோ ஆண்டு தவறாமல் கட்டியாக வேண்டும். இந்நிலையில் அவ்வூர்களில் ஒரு சிறு நூல் கைக்குக் கை மாறியது. ஜோஷுவா கோகெர்தால் என்னும் பாதிரியார் எழுதிய அந்நூல், கடலுக்கு அப்பால் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் கிடைக்கும் நிலத்தின் வளத்தைப் புகழ்ந்தது. முகப்பில் இங்கிலாந்து அரசி ஆனின் உருவமும், பொன்னெழுத்துத் தலைப்பும் இருந்தமையால் மக்கள் அதனைப் ‘பொன் நூல்’ என்றே அழைத்தனர். அரசியே கப்பல் தந்து நிலமும் தருவார் என்று அவர்கள் நம்பினர். பசித்தவனுக்கு நம்பிக்கையும் ஒரு வகை உணவுதானே!

இலண்டன் மாநகரில்

1709-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து இலையுதிர் காலம் வரை ஏறத்தாழ 13,000 பேர் ரைன் நதி வழியே இறங்கி, ஹாலந்து நாட்டைக் கடந்து இலண்டனை அடைந்தனர். நகருக்கு வெளியே பிளாக்ஹீத் வெளியில் இராணுவக் கூடாரங்கள் அடித்து அவர்களைத் தங்க வைத்தார்கள். முதலில் இரங்கிய நகர மக்கள், நாள் செல்லச் செல்ல முணுமுணுக்கத் தொடங்கினர். ரொட்டி விலை ஏறியதற்கும் கூலி குறைந்ததற்கும் இவர்களே காரணம் என்றனர். வந்தேறிகளின் மீது சாட்டப்படும் இந்தக் குற்றச்சாட்டு எந்நாட்டிலும் எக்காலத்திலும் மாறுவதில்லை போலும்.

இவ்விடத்தில் தமிழராகிய நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இலண்டன் அரண்மனையைச் சார்ந்த ஜெர்மானியப் பாதிரியார் ஆன்டன் வில்ஹெல்ம் போம் இந்த ஏழை மக்களிடையே சமயத் தொண்டு புரிந்தவர். 1706-இல் நம் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்ற சீகன்பால்கு ஐயர் எழுதியனுப்பிய கடிதங்களை, அதே 1709-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் இவரே. ஜெர்மனியிலிருந்து கிழக்கே வந்த ஒருவர் தமிழ் எழுத்தை அச்சேற்றினார். மேற்கே சென்ற ஆயிரவர் காடு திருத்தினர். இரு திசைகளின் செய்தியும் ஒரே மேசையில் வந்து சேர்ந்தன.

இலண்டனுக்கு வந்தவர்களைப் பற்றிப் பட்டியல் எடுத்தார்கள். குடும்பத் தலைவன் பெயர், வயது, மனைவி உண்டா, மக்கள் எத்தனை பேர், சமயம் என்ன, தொழில் என்ன என்று நிரல் நிரலாக எழுதினார்கள். தொழில் என்ற பத்தியில் பெரும்பாலும் ‘உழவன்’, ‘திராட்சைத் தோட்டக்காரன்’ என்றே காணப்படும்.   ஒரே குடும்பத்தின் பெயர் ஏட்டுக்கு ஏடு உருமாறும். ஆயினும் அப்பட்டியல்களே இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடிச் செல்லும் முதல் வாயிலாக உள்ளன.

தார் காய்ச்சிய கதை

இத்தனை பேரையும் என் செய்வது? சிலரை அயர்லாந்துக்கு அனுப்பினர். கத்தோலிக்க சமயத்தாருள் பலரைத் திருப்பி அனுப்பினர். ஏறத்தாழ 2,800 பேரை நியூயார்க்குக்கு அனுப்பத் தீர்மானித்தனர். அதன் நோக்கம் தருமமன்று, வாணிகம். ஆங்கிலேயக் கடற்படையின் மரக்கலங்களுக்குத் தாரும் கீலும் வேண்டும். அவற்றை அமெரிக்கப் பைன் மரங்களிலிருந்து காய்ச்சி எடுத்து, பயணச் செலவையும் உணவுச் செலவையும் உழைப்பால் தீர்த்த பின்னரே அவர்களுக்கு நிலம் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது.

ஆளுநர் ராபர்ட் ஹன்டரின் தலைமையில் பத்துக் கப்பல்கள் 1710-ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க்கை அடைந்தன. நெருக்கடியும் காய்ச்சலும் வாட்ட, வழியிலும் கரையிறங்கிய சில வாரங்களிலும் நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தாய் தந்தையரை இழந்த சிறுவர்களும், பெற்றோர் உள்ள சிறுவர்கள் சிலரும் பிறர் வீடுகளில் தொழில் பழகுமாறு ஒப்படைக்கப்பட்டனர். அங்ஙனம் ஓர் அச்சுக்கூடத்தில் விடப்பட்ட ஜான் பீட்டர் ஸெங்கர் என்னும் சிறுவனே, பின்னாளில் பத்திரிகை நடத்தி, ஆளுநரைக் கண்டித்ததற்காகச் சிறையிடப்பட்டு, 1735-இல் நடந்த புகழ்பெற்ற வழக்கில் விடுதலை பெற்றவர். பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரை விடுவதில்லை.

ஹட்சன் ஆற்றங்கரையில் அவர்கள் மரம் உரித்தார்கள். குழந்தைகள் பைன் காய் பொறுக்கினார்கள். ஏறத்தாழ ஒரு நூறாயிரம் மரங்களைப் பட்டை உரித்துப் பதப்படுத்தியும் தார் ஊறவில்லை. காரணம் எளிது: தார் தரும் பைன் வகை வேறு, அங்கு நின்ற பைன் வகை வேறு. அத்தொழில் அறிந்த வழிகாட்டியும் இல்லை. திட்டம் தீட்டியவர்களின் பிழைக்குத் தண்டனை உழைத்தவர்களுக்கு. 1712-ஆம் ஆண்டு செப்டம்பரில், பணம் இல்லை, இனி உணவு தர இயலாது, அவரவர் பிழைப்பை அவரவர் பார்த்துக்கொள்க என்று ஆளுநர் கைவிரித்தார். குளிர்காலம் வாயிலில் நின்றது.

ஆளுநர் அலுவலகத்தில் அம்மக்களுக்கு அளந்த உணவுக்குக் கணக்கேடு இருந்தது. பத்து வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை பேர், கீழ்ப்பட்டோர் எத்தனை பேர், என்ன செலவு என்று குடும்பம் குடும்பமாகக் குறித்திருந்தனர். கடனை வசூலிப்பதற்காக எழுதப்பட்ட அவ்வேடு, கடன் வசூலாகாமலே பழசாகி, இன்று ஒரு மக்களின் வமிச ஏடாக விளங்குகிறது. அலுவலகத்தில் ஏடு எழுதுவோர் தாம் எதற்காக எழுதுகிறோம் என்பதை முழுதும் அறிவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பனியில் பிறந்த ஏழு ஊர்கள்

கைவிடப்பட்டவர்கள் ஸ்கோஹாரி என்னும் பள்ளத்தாக்கை நாடினர். 1710-இல் இலண்டனுக்கு வந்த மோஹாக் பழங்குடித் தலைவர்கள் அந்நிலத்தைத் தமக்கென அரசிக்கு அளித்தனர் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. சில குடும்பங்கள் முன்னே சென்றன. 1713-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், முழங்கால் புதையும் பனியில் வழி வெட்டிக்கொண்டு மற்றவர் சென்றனர். ஏறத்தாழ 150 குடும்பங்கள் ஏழு சிற்றூர்களை அமைத்தன. மோஹாக்கர் காட்டிய கிழங்குகளைத் தின்று முதலாண்டைக் கழித்தார்கள். தலைவர் யோகான் கொன்ராட் வைஸர் தம் மகனை மோஹாக்கரிடையே ஒரு குளிர்காலம் தங்கவிட்டு அவர்கள் மொழியைக் கற்கச் செய்தார். அச்சிறுவன் வளர்ந்து, இரு சாராருக்கும் நடுவே நெடுங்காலம் பேசி இசைவிக்கும் மொழிபெயர்ப்பாளனாக விளங்கினான்.

அவ்வூர்களில் முதற் கோதுமை விளைந்த வரலாறு வழிவழியாகச் சொல்லப்படுகிறது. லாம்பர்ட் ஸ்டெர்ன்பர்க் என்பவர் ஒரு சிறு மரக்காலளவு கோதுமையை நெடுந்தொலைவிலிருந்து முதுகில் சுமந்து வந்தார். கலப்பை இல்லை, உழும் விலங்கும் இல்லை. ஆகவே விதையை வீசி விதைக்காமல், மணி மணியாக ஊன்றி, மண்வெட்டியால் களை கொத்தி வளர்த்தனர். அந்த ஒரு மரக்கால் 83 மரக்காலாகப் பெருகியதாம். எண் சிறிது கூடவோ குறையவோ இருக்கலாம். அதை நினைவில் வைத்துப் பேரன்களுக்குச் சொன்ன உழவர் உள்ளம் உண்மை.

ஆனால் அந்நிலத்துக்கு ஆளுநர் வேறு சிலருக்குப் பட்டயம் கொடுத்துவிட்டார். நிலத்தை விலைக்கு வாங்குக, அல்லது குத்தகைக்கு எடுக்க, அல்லது வெளியேறுக என்று கட்டளை பிறந்தது. வைஸரைப் பிடிக்க வந்த அதிகாரியை, மக்தலேனா ட்ஸே என்னும் பெண்ணின் தலைமையில் ஊர்ப் பெண்கள் சூழ்ந்து, சேற்றில் புரட்டி, ஊர் ஊராக இழுத்துச் சென்று எல்லைக்கு வெளியே விட்டதாக அவ்வட்டாரத்தில் வழங்கும் கதை கூறுகிறது. 1718-இல் வைஸரும் வேறிருவரும் முறையிட இலண்டன் சென்றனர். வழியில் கடற்கொள்ளைக்காரர் கைப்பொருளைப் பறித்தனர், இலண்டனில் கடனுக்காகச் சிறை வாய்த்தது, நீதி வாய்க்கவில்லை. சிலர் பணிந்து பணம் கொடுத்துத் தங்கினர். சிலர் 1723-இல் பென்சில்வேனியாவுக்குச் சென்றனர். சிலர் மேற்கே மோஹாக் ஆற்றை நோக்கிப் புறப்பட்டனர். தாய்நாட்டை விட்ட பின்னர் இது அவர்களுக்கு மூன்றாவது குடிபெயர்ச்சி.

நூறு ஏக்கர்ப் பட்டயம்

1725-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆளுநர் வில்லியம் பர்னெட் வழங்கிய பட்டயத்தால், மோஹாக் ஆற்றின் இருமருங்கிலும் 92 பேருக்கு ஆளுக்கு நூறு ஏக்கர் நிலம் கிடைத்தது. பெண்கள் பெயரிலும் பங்குகள் எழுதப்பட்டன. பதினாறு ஆண்டுகள் அலைந்த மக்களின் கையில் முத்திரையிட்ட காகிதம் வந்து சேர்ந்தது. அவ்விடத்துக்கு ‘ஜெர்மன் சமவெளி’ என்ற பொருளில் ஜெர்மன் பிளாட்ஸ் என்று பெயர் வழங்கிற்று, இன்றும் வழங்குகிறது.

அப்பட்டயத்தில் ‘எர்கெமர்’ என்று எழுதப்பட்டிருக்கும் குடும்பத்தின் பெயர் உண்மையில் ஹெர்ஷ்ஹைமர். அதுவே காலப்போக்கில் ஹெர்க்கிமர் ஆயிற்று. குடும்பத் தலைவர் யோகான் யோஸ்ட். அவருடைய மூத்த மகன் நிக்கலாஸ் சுமார் 1728-இல் அம்மண்ணிலே பிறந்தார். குடியானவராகவும் வணிகராகவும் உயர்ந்து, 1764-இல் ஆற்றங்கரையில் செங்கல் மாளிகை ஒன்றைக் கட்டினார். அது இன்றும் நிற்கிறது. அச்செல்வத்தில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை மறைத்தல் முறையாகாது. வீட்டிலும் தேவாலயத்திலும் ஜெர்மன் மொழியே ஒலித்தது. நிக்கலாஸ் எழுதிய ஆங்கிலம் ஜெர்மன் ஒலிப்படி எழுத்துக்கூட்டியது. படிப்போர் வாய்விட்டுப் படித்தாலன்றி விளங்காது.

வாழ்வு அமைதியாகச் செல்லவில்லை. 1757 நவம்பரில் பிரெஞ்சுக்காரரும் அவர்களுடைய பழங்குடித் துணைவரும் ஜெர்மன் பிளாட்ஸைத் தாக்கினர். ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அயலவரான ஒனைடா பழங்குடியினர் முன்னரே எச்சரித்தும் ஊரார் நம்பவில்லை. பகைவனின் படையைவிட நண்பனின் சொல்லைப் புறக்கணித்த பிழையே அன்று பெரிதாயிற்று.

ஒரிஸ்கனிப் போர்

1775-இல் ஆங்கிலேய அரசுக்கு எதிராகப் புரட்சி மூண்டது. பாஸ்டனில் தேயிலை வரியைப் பற்றியும் பிரதிநிதித்துவ உரிமையைப் பற்றியும் கற்றவர் பேசினர். மோஹாக் குடியானவர்களுக்கு அவ்வாதங்கள் எவ்வளவு தெரியுமோ! ஆனால் ஒன்று தெரியும். ஒரு முத்திரை ஒருவர் கையிலிருந்து நிலத்தைப் பறிக்கும். ஓர் அதிகாரி நினைத்தால் குடும்பங்களைப் பனியில் விரட்டலாம். பெரு நிலக்கிழாராகிய ஜான்சன் குடும்பத்தார் அரசர் பக்கம் நின்று பள்ளத்தாக்கைத் தம் ஆட்சியில் வைத்திருந்தனர். ஆகவே பெரும்பாலான ஜெர்மானியக் குடியானவர் புரட்சிப் பக்கம் சேர்ந்தனர். எல்லாரும் அல்லர். நிக்கலாஸ் ஹெர்க்கிமரின் உடன்பிறந்த தம்பியே அரசர் பக்கம் சென்று, பின்னர் கனடாவில் குடியேறினார். புரட்சி என்பது தூரத்துப் பகைவனோடு நடக்கும் போர் மட்டுமன்று; ஒரே வீட்டுத் திண்ணையையும் அது இரண்டாகப் பிளக்கும்.

1777-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் தொடக்கத்தில் செயின்ட் லீஜர் என்னும் ஆங்கிலேயத் தளபதி ஸ்டான்விக்ஸ் கோட்டையை முற்றுகையிட்டார். அவர் படையில் ஜெர்மனியிலிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்ட ஹனாவ் நாட்டுத் துப்பாக்கி வீரரும் இருந்தனர். ஜெர்மன் பேசும் குடியானவரை எதிர்க்க ஜெர்மன் பேசும் கூலிப்படை! ஊர்ப்படைத் தளபதியாகிய ஹெர்க்கிமர், 16 முதல் 60 வயது வரையுள்ள நலமுள்ள ஆடவர் அனைவரும் வருக என்று அழைத்திருந்தார். அறுவடைக் காலத்தில் அரிவாளை வைத்துவிட்டு ஏறத்தாழ 800 பேர் திரண்டனர். ஒனைடா வீரர் சுமார் 60 பேர் துணை வந்தனர்.

கோட்டைக்குத் தூதர் சென்று சேர்ந்ததற்கு அடையாளமாக மூன்று பீரங்கிக் குண்டுகள் முழங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஹெர்க்கிமரின் கருத்து. இளைய அதிகாரிகள் பொறுக்கவில்லை. தம்பி அங்கே இருப்பதால் அண்ணனுக்குத் தயக்கம், கோழை, துரோகி என்று முகத்துக்கு நேரே பழித்தார்கள். பழிச்சொல் தாங்காத கிழவர் புறப்பட உத்தரவிட்டார். ஆகஸ்டு 6-ஆம் நாள், கோட்டைக்குச் சுமார் ஆறு மைல் தொலைவில், ஒரிஸ்கனி என்னும் இடத்தில், சதுப்பான ஓடைப் பள்ளத்தில் படை இறங்கியபோது மரங்களின் மறைவிலிருந்து குண்டுகள் பொழிந்தன. பழித்துப் பேசிய அதிகாரிகளுள் சிலர் முதலிலேயே வீழ்ந்தனர்.

ஹெர்க்கிமரின் குதிரை மாண்டது. அவர் காலில் குண்டு பாய்ந்தது. அவர் சேணத்தைக் கழற்றிக் கொணரச் செய்து, ஒரு மரத்தடியில் அதன்மேல் அமர்ந்து, சுங்கானைப் பற்றவைத்துக்கொண்டு படையை நடத்தினார். நடுவில் பெருமழை பெய்து ஒரு மணி நேரம் போர் நின்றது. வீரர் தனித்தனியே மரத்தின் பின் நிற்பதையும், ஒருவன் சுட்டு மீண்டும் மருந்து திணிப்பதற்குள் எதிரி பாய்ந்து கோடரியால் வெட்டுவதையும் அவர் கவனித்திருந்தார். மரத்துக்கு இருவராக நிற்க, ஒருவன் சுடும்போது மற்றவன் நிரப்புக என்று கட்டளையிட்டார். ஏரில் இரு மாடு போல இணைந்த பின்னரே அவர்கள் தாக்குப்பிடித்தனர். ஒனைடாத் தலைவர் ஹான் யெர்ரிக்கு மணிக்கட்டில் காயம்பட்டபோது, அருகில் நின்ற அவர் மனைவி துப்பாக்கிக்கு மருந்து திணித்துக் கொடுக்க அவர் தொடர்ந்து சுட்டார்.

எதிரிகள் பின்வாங்கினர், ஆயின் வென்றவர் என்று எவரையும் கூற இயலாது. 800 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றனர் அல்லது சிறைப்பட்டனர். தந்தையும் மக்களும், அண்ணனும் தம்பியும் ஒரே பள்ளத்தில் கிடந்தனர். ஹெர்க்கிமரை அவர் வீட்டுக்குத் தூக்கிச் சென்றனர். பத்து நாள் கழித்துக் காலை வெட்டி எடுத்தனர், குருதி நிற்கவில்லை. ஜெர்மன் விவிலியத்தில் சங்கீதம் படித்தபடியே உயிர் நீத்தார் என்று சொல்லப்படுகிறது. அம்மாதம் 22-ஆம் நாள் முற்றுகை விலகியது. கிழக்கே வந்த பெரிய ஆங்கிலேயப் படைக்கு மேற்கிலிருந்து உதவி கிடைக்காமற் போனதும், அக்டோபர் 17-இல் அப்படை சரடோகாவில் சரணடைந்ததற்கு ஒரு காரணமாயிற்று.

ஷெல் குடும்பத்தின் நாள்

போர் அதனோடு ஓயவில்லை. மோஹாக், ஸ்கோஹாரி பள்ளத்தாக்குகளின் கோதுமை வாஷிங்டனின் படைக்கு உணவாயிற்று. ஆகவே பகைவர் குறி வைத்தது கோட்டையை அன்று, களஞ்சியத்தை. 1778 செப்டம்பரில் ஜெர்மன் பிளாட்ஸ் மீது ஜோசப் பிரான்ட்டின் படை வந்தது. ஆடம் ஹெல்மர் என்பவர் காட்டு வழியே மைல் கணக்காக ஓடிவந்து எச்சரித்தார். 1757-இல் கற்ற பாடத்தை இம்முறை ஊர் மறக்கவில்லை. எல்லாரும் கோட்டைக்குள் புகுந்தனர். 63 வீடுகளும் 57 களஞ்சியங்களும் எரிந்தன. மனித உயிரோ மிகச் சிலவே போயின.

1781-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6, ஒரிஸ்கனிப் போர் நடந்த அதே நாள். யோகான் கிறிஸ்தியான் ஷெல் என்னும் குடியானவர் தம் மக்களோடு வயலில் இருந்தார். மற்றவர் பாதுகாப்பான கோட்டைக்குச் சென்றும் அவர் தம் நிலத்தை விட்டுச் செல்லவில்லை. வீட்டையே துப்பாக்கித் துளைகளுடன் மரக்கோட்டையாகக் கட்டியிருந்தார். டொனால்டு மக்டொனால்டு தலைமையில் அறுபது பேர் அளவில் வந்த கூட்டம் சூழ்ந்தது. ஷெல்லும் மூத்த மக்களும் வீட்டுக்குள் ஓடிவிட்டனர். எட்டு வயதுடைய இரட்டைப் பிள்ளைகள் பிடிபட்டனர்.

ஷெல்லின் மனைவி மருந்து திணித்துக் கொடுக்க, தந்தையும் மக்களும் சுட்டனர். கடப்பாறையால் கதவைப் பெயர்க்க வந்த மக்டொனால்டு காலில் குண்டு பட்டு வீழ்ந்தார். ஷெல் கதவைச் சட்டெனத் திறந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டார். அவரிடமிருந்த தோட்டாக்கள் வீட்டாருக்கு உதவின. எதிரிகள் ஐந்து துப்பாக்கிகளைத் துளைகள் வழியே உள்ளே நுழைத்தபோது அவ்வம்மையார் கோடரியால் குழல்களை அடித்து வளைத்துவிட்டார். இருட்டும் வேளையில் ஷெல் மேல்மாடியிலிருந்து, கோட்டைப் படை இதோ வருகிறது என்று உரக்கக் கூவினார். வராத படைக்கு அஞ்சி வந்த படை ஓடியது. ஆயினும் இரட்டைப் பிள்ளைகளைக் கனடாவுக்குக் கொண்டு சென்றுவிட்டனர். அடுத்த ஆண்டு வயலில் வேலை செய்துகொண்டிருக்கையில் ஷெல் சுடப்பட்டு இறந்தார். உழுத வயலிலேயே விழுந்த அவரை உழவர் என்பதா, வீரர் என்பதா?

வெற்றியும் அதன் விலையும்

1783-இல் போர் முடிந்தது. 1791-இல் அப்பகுதி ஹெர்க்கிமர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. எர்கெமர் என்று பட்டயத்தில் பிழையாக எழுதப்பட்ட அயல்நாட்டான் பெயர், நாட்டின் படத்திலேயே இடம் பெற்றது. தேவாலயத்தில் ஜெர்மன் மொழி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒலித்தது. 1801-இல் ஜெர்மனியிலிருந்து வந்து அங்குப் போதித்த ஸ்பின்னர் பாதிரியாரின் மகன் பிரான்சிஸ் ஸ்பின்னர், 1861 முதல் 1875 வரை அமெரிக்கக் கருவூலத் தலைவராக இருந்தார்; அந்நாட்டுப் பணத்தாள்களில் அவர் கையொப்பம் திகழ்ந்தது. 1825-இல் அப்பள்ளத்தாக்கின் வழியே ஈரி கால்வாயும், 1836-இல் இருப்புப் பாதையும் வந்தன.

ஆயினும் நேர்மையான வரலாறு இத்துடன் நிற்பதில்லை. கிழங்கு காட்டி உயிர் காத்த மோஹாக்கர், அரசர் பக்கம் நின்றமையால் தம் பள்ளத்தாக்கை இழந்து கனடா சென்றனர். 1779-இல் புரட்சிப் படை இரோகுவா மக்களின் ஊர்கள் நாற்பதளவில் எரித்தது. அவ்வூர்களிலும் சோள வயல்களும் பழத்தோட்டங்களும் இருந்தன. ஒரிஸ்கனியில் தோளோடு தோள் நின்ற ஒனைடா மக்களோ, 1788 ஒப்பந்தத்தால் தம் நிலத்தின் பெரும்பகுதியை நியூயார்க் மாநிலத்திடம் இழந்தனர். பாலட்டினேட்டில் தீயால் துரத்தப்பட்ட மக்கள் பெற்ற நிலத்துக்குப் பின்னால் இன்னொரு மக்கள் இழந்த நிலம் இருந்தது. முன்னோரைப் போற்றுவோர் இதனையும் சேர்த்தே நினைத்தல் கடன்.

ஏட்டில் வாழும் முன்னோர்

1832-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, புரட்சியில் பணிபுரிந்த ஊர்ப்படையினருக்கும் ஓய்வூதியம் வழங்கச் சட்டம் செய்தது. எழுபதும் எண்பதும் கடந்த குடியானவர்கள் தடியூன்றி நீதிமன்றம் வந்து, எந்த ஆண்டில் எந்தத் தலைவரின்கீழ் எங்கே நின்றோம் என்று வாக்குமூலம் கொடுத்தனர். பலருக்குக் கையொப்பமிடத் தெரியாது, குறியிட்டனர். விதவைகள் தம் திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சான்று இல்லாதவர்கள், பிறப்பும் திருமணமும் குறித்திருந்த குடும்ப விவிலியத்தின் ஏட்டையே கிழித்து அனுப்பினர். அவ்வேடுகள் இன்றும் அரசாங்கக் காப்பகத்தில் உள்ளன. ஒரு தாய் தன் பிள்ளைகள் பிறந்த நாளை மைதொட்டு எழுதிய வரி, கொள்ளுப்பேரன்கள் கண்டு தொழும் ஆவணமாயிற்று.

எழுதாதவர் மறக்கப்பட்டனர். மரங்களில் பட்டை உரித்த எத்தனையோ பெண்கள், அடிமைகளாக உழைத்தோர், பனியில் இறந்த குழந்தைகள் ஆகியோரின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இம்மக்களின் வாழ்வு தரும் விடை இதுவே. அரசியின் வாக்குறுதியால் மண் சொந்தமாகவில்லை. முத்திரையிட்ட காகிதத்தால் மட்டும் சொந்தமாகவில்லை. உழைத்ததாலும், அயலவரோடு ஆபத்தில் கூடி நின்றதாலும் சொந்தமாயிற்று. தாய்மொழியை வீட்டில் காத்தது அதற்குத் தடையாகவில்லை. ஜெர்மனில் வேண்டுதல் செய்த மக்களே அமெரிக்காவுக்காக உயிர் விட்டனர்.

நாம் கடல் கடந்து செல்லவில்லை. பாரத நாட்டுக்குள்ளேயே வாழ்கிறோம். எவர் நிலத்தையும் பறிக்கவில்லை. துப்பாக்கி ஏந்தும் நிலையும் நமக்கில்லை. ஆயினும் நம் குடும்பங்களும் ஒரு நாள் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஏதோ ஒரு வண்டியேறி இங்கு வந்தவையே. முதலில் வந்தவர் யார்? எந்த ஆண்டு? எந்தத் தொழிலுக்கு? முதல் வாடகை வீடு எங்கே? மொழி தெரியாத நாளில் கைகொடுத்த இவ்வூர் அயலவர் யார்? இவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் எண்ணிக்கை குறைகிறது. நம் பிள்ளைகளுக்கோ சொந்த ஊரின் பெயர் மட்டும் தெரியும். அங்கிருந்து வந்த வழி தெரியாது.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு முதல் நம் சங்கத்தில் ஒரு குடும்பப் பதிவேடு தொடங்கப்படட்டும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கம் எழுதட்டும். எழுத இயலாத முதியோர் சொல்ல, இளைஞர் எழுதட்டும். பெண்களின் பெயரும், உதவிய அயலவரின் பெயரும் விடுபடாதிருக்கட்டும். நடை அழகாக இருக்க வேண்டுவதில்லை. பெயரும் ஊரும் ஆண்டும் சரியாக இருந்தால் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!